தும்பைச்சாமி வளைக்குப் பட்டா வாங்கிய கதை

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது என்று எல்லாரையும் போலத் தொடங்கிவிடலாம். ஆனால் அந்த முயலுக்கே அது பிடிக்காது. தான் காட்டு முயல் இல்லை, வீட்டு முயல், ஏதோ போதாத காலம் காட்டுக்கு வரவேண்டியதாயிற்று என்று புதர் புதராகப் போய்ச் சொல்லிவைத்திருந்தான். பெயர் தும்பைச்சாமி. கல்யாணமாகி, பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாகவும் இருக்கிற ஒருவனை 'அது', 'இது' என்பது மரியாதை இல்லை. அதனால் அவன் என்றே சொல்வோம். அவர் என்று சொல்லும் அளவுக்குக் கடைசிவரை அவன் எதுவும் செய்யவில்லை.

இந்தக் காட்டிலும் விலங்குகள் பேசும். பேசாவிட்டால் கதை சொல்கிறவனுக்குப் பிழைப்பு நடக்காது.

தும்பைச்சாமியும் அவன் பெண்டாட்டி அல்லியும் ஊருக்குள் ஒரு மாடிவீட்டில் வளர்ந்தவர்கள். அதே வீட்டில் அவர்களுக்கு முன்பே ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை இருந்தது. சாம்பசிவம் அண்ணாச்சி. முயல்கள் கூண்டோடு வந்து இறங்கிய அன்றே அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. இனி பால் யாருக்கு, மடி யாருக்கு, சோபாவின் வலதுபக்க மூலை யாருக்கு என்ற கேள்வியெல்லாம் வந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லாததால் வாலைத் தூக்கி, நுனியை லேசாக நடுக்கி, ஜன்னல் திரைச்சீலையில் ஒரு பீய்ச்சு பீய்ச்சினார். மறுநாள் கதவுநிலை. அதற்கும் மறுநாள் வீட்டு ஐயாவின் ஆபீஸ் பை.

பூனையைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாம். எவர்சில்வர் டம்ளரின் அடியில்கூடப் பெயர் வெட்டி வைக்கிறோம். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் உபயம் எழுதுகிறோம். நம்மிடம் துண்டும் பெயிண்டும் இருக்கின்றன. பூனையிடம் இருப்பது அதுதான்.

வீட்டுக்காரம்மா பினாயில் ஊற்றிப் பார்த்தாள், ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து காட்டோரம் இறக்கினாள். பக்கத்தில் ஒரு கீரைக்கட்டையும் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் சாம்பசிவம் அண்ணாச்சிதான் என்பது தும்பைச்சாமியின் கட்சி. தான் அப்படியெல்லாம் செய்கிற சாதி இல்லை, மண் நிரப்பிய தட்டில் மட்டும் போய்ப் பழகியவன் என்று மார் தட்டிக்கொள்வான். அல்லி அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். ஏனென்றால் வீட்டுக்காரம்மா ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் கணுக்காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, பாசம் தாங்காமல் அவள் பாதத்தில் ஒரு பீய்ச்சு விடுகிற வழக்கம் இவனுக்கும் இருந்தது. அல்லியைப் பெண்பார்த்த அன்றும் அப்படித்தான். ஆண் முயலுக்கு ஆசை பொங்கினால் அது அந்த வழியாகத்தான் பொங்கும். பூச்செண்டு கொடுக்க அதற்குத் தெரியாது. ஆனால் தும்பைச்சாமி அதற்குப் பன்னீர் தெளிப்பது என்று பெயர் வைத்திருந்தான். தான் விட்டால் பன்னீர், அடுத்தவன் விட்டால் மூத்திரம். இந்த நியாயம் நமக்கும் புதிதில்லை.

பெட்டியை விட்டு வெளியே வந்ததும் பூனை ஒரு பக்கம், முயல்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டார்கள். அல்லிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் பிறப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று அவள் ஒருமுறைதான் சொன்னாள். தும்பைச்சாமி அன்றே ஓர் இலந்தைப் புதரின் அடியில் தோண்ட உட்கார்ந்தான். கூண்டில் வளர்ந்தவனுக்கு மண் வேலை புதிது. நகம் தேய்ந்தது, மூக்கில் தோல் உரிந்தது, பாதித் தூரம் தோண்டியபின் பாறை வந்து வேறு பக்கம் திருப்பவேண்டியிருந்தது. ஆனாலும் தோண்டினான். அல்லி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நல்லா இருக்கு என்று சொன்னபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் அவன் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அந்த வளை.

வாசல் கல்லில் தாடையை நாலு தரம் தேய்த்துவைத்தான். முயல் சாதியில் அதுதான் பெயர்ப்பலகை. அந்த வாடை முயலைத் தவிர வேறு யார் மூக்குக்கும் எட்டாது என்பதை அவன் யோசிக்கவில்லை. கௌரவமானவர்களுக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டான்.

இது இப்படி இருக்க, சாம்பசிவம் அண்ணாச்சிக்குக் காடு ஒத்துக்கொள்ளவே இல்லை. பிறந்ததிலிருந்து சுவருக்குள்ளேயே இருந்தவருக்குச் சுவரே இல்லாத இடம் என்றால் எப்படி இருக்கும். இலை விழுந்தால் திடுக்கிட்டார். மயில் அகவினால் மரம் ஏறினார். ஏறியபின் இறங்கத் தெரியாமல் பொழுதெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில், பகையாளியாக இருந்தாலும் தெரிந்த முகமாக இருக்கட்டும் என்று இலந்தைப் புதரைத் தேடி வந்து, அதன் பின்பக்கம் சுருண்டு படுத்தார். படுப்பதற்கு முன்னால், பழக்கதோஷம், வாலைத் தூக்கிப் புதரைச் சுற்றி நாலு இடத்தில் பீய்ச்சிவைத்தார். அதில் ஒன்று வளை வாசலில் விழுந்தது.

விடிந்ததும் தும்பைச்சாமிக்கு வாடை மூக்கில் ஏறியது. திரைச்சீலை, கதவுநிலை, ஆபீஸ் பை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நேரே கீரி மணியக்காரரிடம் முறையிடப் போனான்.

அந்தக் காட்டில் நிலபுலன் வழக்கெல்லாம் கீரி மணியக்காரர் கையில்தான். மருத மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். தும்பைச்சாமி எறும்புத்தின்னிக்குப் பின்னால் நின்றான். எறும்புத்தின்னி வரிசை நகர நகர முன்னால் நின்ற எறும்புகளைத் தின்றுகொண்டே போனதால் இவன் முறை சீக்கிரமே வந்துவிட்டது.

கீரியார் முழுவதும் கேட்கவில்லை. எழுந்து நேரே இலந்தைப் புதருக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைத் தரையோடு வைத்து, புதரை ஒரு சுற்றுச் சுற்றினார். வளை வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, இது சாம்பசிவத்தின் வளை என்றார்.

தும்பைச்சாமிக்குக் காது இரண்டும் விழுந்துவிட்டன. "நான்தான் அய்யா தோண்டினேன். நகத்தைப் பாருங்க."

"நகத்தை ஏன் வே காட்டுதீரு? மூக்குக்கு என்ன தெரியுதோ அதான் இங்க கணக்கு. தோண்டுனவன் தோண்டிக்கிட்டேதான் இருப்பான். பெய்ஞ்சவன் பேருலதான் பட்டா."

பௌர்ணமி வரைக்கும் தவணை உண்டு, ஆட்சேபணை இருந்தால் அதற்குள் அவனும் தன் வாடையைப் பதிந்துகொள்ளலாம் என்றும், தான் வந்து மறுபடி மோந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் அல்லியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். அது மணியக்காரர் பார்வையாக இல்லை, கீரிப் பார்வையாக இருந்தது. அல்லி சட்டென்று வளைக்குள் போய்விட்டாள்.

இத்தனைக்கும் சாம்பசிவம் அண்ணாச்சிக்கு விஷயமே தெரியாது. வளை உங்களுக்கு ஆகிவிட்டது என்று ஓர் அணில் வந்து சொன்னபோது அவர் பதறிப்போனார். அதற்குள் என் மீசைகூட நுழையாதே, எனக்கு எதற்கு என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் சொத்து என்பது காதில் விழுந்த கொஞ்ச நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். மத்தியானத்துக்குள் அவர் புதரைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். சாயங்காலம் வளைக்கு மேலே மேட்டில் உட்கார்ந்து முகம் கழுவினார். மறுநாள் தும்பைச்சாமியைக் கூப்பிட்டு, தோளில் கை போடாத குறையாகப் பேசினார்.

"நீ பாட்டுக்கு இங்கயே இருந்துக்கோ தம்பி. பிள்ளைத்தாய்ச்சியை வச்சுக்கிட்டு எங்க போவ? நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

அடித்திருந்தால்கூடத் தும்பைச்சாமி தாங்கியிருப்பான். தான் தோண்டிய வளையில் தனக்கே இரக்கப்பட்டு இடம் கொடுத்ததைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை. அன்றோடு பன்னீர் வேறு, மூத்திரம் வேறு என்ற வியாக்கியானத்தை மூட்டை கட்டிவைத்தான்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். கோபத்தில் அவனுக்கு வராது. கற்றாழையைக் கடித்துப் பார்த்தான், ஓடையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துப் பார்த்தான், சாம்பசிவத்தின் முகத்தை மனதில் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கிப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. எதிர்ப்பக்கம் அண்ணாச்சி சிரமமே இல்லாமல் வாலைத் தூக்குவதும் நகர்வதுமாக இருந்தார். தும்பைச்சாமிக்குத் தூக்குவதற்கு வாலே இல்லை. ஒரு பஞ்சு உருண்டைதான் இருந்தது. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. இவன் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அல்லிதான் வழி சொன்னாள்.

"கோவத்துல வரலன்னா விடுங்க. கண்ணை மூடிக்கிட்டு என்னை நெனச்சுப் பாருங்க."

கண்ணை மூடினான். பெண்பார்த்த அன்று அவள் காதைச் சாய்த்து நின்ற நிலை நினைவுக்கு வந்தது. இலந்தைப் புதர் நனைந்தது. அல்லி வெட்கப்பட்டாள். பாவம், பின்னால் வரப்போவது அவளுக்கு அப்போது தெரியாது.

ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கேட்கவேண்டியதில்லை. தும்பைச்சாமி வாசலில் அடித்தான். சாம்பசிவம் அதன்மேல் அடித்தார். இவன் அதற்குமேல் அடித்தான். வாசல் கல் முடிந்து புதர், புதர் முடிந்து மேடு, மேடு முடிந்து வளையின் உட்சுவர் என்று வியாபாரம் விரிந்தது. கடைசியில் அல்லி வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடலாம் என்று வைத்திருந்த மூலையிலும் அடித்துவைத்தான். இலந்தைப் புதரில் இலை பழுத்துக் கொட்டியது. அணில் குடும்பத்தோடு வேறு மரத்துக்குப் போனது. ஓடைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுச் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்கள். தன்மேல் உள்ள மரியாதை என்று தும்பைச்சாமி அதை எடுத்துக்கொண்டான். அவனுக்கு அவன் வாடை தெரியவில்லை. யாருக்குத்தான் தெரிகிறது.

ஒரு நாள் அல்லி வளைக்கு வெளியே வந்து நின்றாள். நடக்கவே சிரமப்பட்டாள். "எனக்கு நாள் நெருங்குது. இந்த நாத்தத்துல நான் பெக்கமாட்டேன். வாங்க, வேற எங்கயாவது போவோம்" என்றாள்.

"பௌர்ணமி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. பட்டா மட்டும் வந்துட்டா நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் கேள்வி கேக்கமுடியாத எடம்."

"பிள்ளைங்களுக்கு மூக்கு இருக்குமே."

அவன் அவளைப் பார்த்தான். புதருக்கு அந்தப் பக்கம் சாம்பசிவம் சோம்பல் முறிப்பதையும் பார்த்தான். தான் ஒரு பொழுது நகர்ந்தால் இத்தனை நாள் அடித்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று இருந்தது. நீ முன்னால் போ, நான் பட்டாவோடு வருகிறேன் என்றான். அல்லி கிளம்பினாள். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்போது அவன் வாசல் கல்லை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பௌர்ணமியன்று கீரி மணியக்காரர் நொச்சி இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். இலையை எடுத்து ஒரு மூச்சு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி வாடை இது, பாதி வாடை அது, கூட்டுப் பட்டா என்று தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரில் யார் வாடை தேய்கிறதோ அவர் பங்கு மற்றவருக்கு என்றும் சொல்லிவிட்டு, மறுபடி இலையை மூக்கில் அமுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

தும்பைச்சாமி ஜெயித்துவிட்டான். பாதி ஜெயம்தான், ஆனாலும் ஜெயம். மகிழ்ச்சியாக வளைக்குள் போனான், போன வேகத்தில் தும்மிக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே இருக்கமுடியவில்லை. வாசலுக்கு ஒரு பக்கம் அவன் உட்கார்ந்தான், மறு பக்கம் சாம்பசிவம் உட்கார்ந்தார். குடியிருக்க முடியாத ஒரு வளைக்கு இரண்டு சொந்தக்காரர்கள், இரண்டு பேரும் காவல்காரர்கள்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பகையாளியோடும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு நாள் மழை மூட்டமாக இருந்தது. மழை பெய்தால் எல்லாம் கழுவிப்போகுமே என்று இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அந்தத் திரைச்சீலையில் ஏன் அண்ணாச்சி அடிச்சீங்க என்று தும்பைச்சாமி அப்போதுதான் கேட்டான். இவ்வளவு காலத்தில் அவன் கேட்டதே இல்லை.

"பயம்தான் தம்பி, வேற என்ன? நீங்க ரெண்டு பேரும் வந்து எறங்குனதும், இனிமே இந்த வீட்டுல நான் ஆருன்னு தோணிட்டு. என் வாடை என் மூக்குல ஏறுனாத்தான், நான் இங்கதான் இருக்கேன்னு எனக்கே நம்பிக்கை வருது. இப்பவும் அதான். இலை விழுந்தாலும் அடிக்கேன்."

தும்பைச்சாமிக்குச் சிரிக்கலாம் என்று இருந்தது. சிரிப்பு வரவில்லை. ஒரு தட்டுப் பாலையும் சோபாவின் ஒரு மூலையையும் அன்றைக்கே அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால் மூன்று பேரும் இந்நேரம் மின்விசிறிக்கடியில் படுத்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் பங்கை விட்டுக்கொடுப்பது போல ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்தச் சமயம் பார்த்து அணில் ஒரு சேதி கொண்டுவந்தது. அல்லிக்குப் பிள்ளைகள் பிறந்து கண்ணும் திறந்துவிட்டார்களாம். குதிக்கவும் ஆரம்பித்துவிட்டார்களாம். ஓடைக்கு அந்தப் பக்கம் கோரைப்புல் சரிவில் இருக்கிறார்கள். கடைக்குட்டி மட்டும் அச்சு அசல் அப்பன் ஜாடை. கேட்டதிலிருந்து தும்பைச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு அடி ஓடைப்பக்கம் போவான், திரும்பி வந்து வாசல் கல்லை மோந்து பார்ப்பான். மறுபடி போவான், மறுபடி வருவான்.

"போயிட்டு வா தம்பி. உன் பக்கத்தையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சாம்பசிவம். அவர் மனசாரத்தான் சொன்னார். தும்பைச்சாமிக்குப் பயமே அதுதான்.

பிள்ளைகள் பிறந்தது தெரிந்தும் போகாமல் இருக்கும் தகப்பன் அவன் ஒருவன்தானா என்று கேட்டால், இல்லை. வீடு கட்டுகிறேன் என்று கடல் தாண்டிப் போய், வீடு முடிந்து திரும்பி வரும்போது பிள்ளைகள் மாமா என்று கூப்பிட்ட தகப்பன்மார் நம்மிலும் உண்டு. அதனால் அவனை ரொம்பவும் திட்டவேண்டாம். கடைசியில் அவனும் போகத்தான் செய்தான். போவதற்கு முன்னால் ஓடையில் வயிறு நிறையக் குடித்து வந்து, திரும்பி வரும்வரை தாங்கட்டும் என்று தன் பங்கில் ஒரு இண்டு இடுக்கு விடாமல் அடித்துவிட்டுப் போனான்.

கோரைப்புல் சரிவில் வளையைக் கண்டுபிடிக்க அவனுக்கே நேரமாயிற்று. அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த இடம். ஒரு வாடை இல்லை, ஓர் அடையாளம் இல்லை. வாயிலை அல்லி கோரைப் புல்லால் மூடி வைத்திருந்தாள். கீரி மணியக்காரர் தினமும் அந்த வழியாகத்தான் மருத மரத்துக்குப் போவார். ஒரு நாளும் நின்றதில்லை.

அல்லி அவனைப் பார்த்ததும் கோபித்துக்கொள்ளவில்லை. மெலிந்துவிட்டீர்களே என்றாள். அவள் வயிற்றில் ரோமமே இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் பிள்ளைகளுக்கு மெத்தை போட்டிருந்தாள். புல்லை விலக்கி உள்ளே பார்த்தான். வெள்ளைவெளேரென்று நாலைந்து உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சிறியது அவனைப் பார்த்துத் தத்தித் தத்தி வெளியே வந்து, அவன் மூக்கைத் தன் மூக்கால் தொட்டது. மற்றவையும் அதன் பின்னாலேயே வெளியே வந்தன.

தும்பைச்சாமிக்கு அந்த நிமிஷத்தில் பட்டா நினைவில் இல்லை, வளை நினைவில் இல்லை, சாம்பசிவமும் இல்லை. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதுவரை வந்ததே இல்லை. ஒரு துள்ளுத் துள்ளினான். அந்தரத்திலேயே ஒரு திருகு திருகினான். பிள்ளைகளைச் சுற்றி ஓடினான், அல்லியைச் சுற்றி ஓடினான், சுற்றிச் சுற்றி ஓடி, ஆசை பொங்கி, வளை வாயில் மேலும் அல்லி மேலும் கடைக்குட்டியின் தலைமேலும் பீய்ச்சிவிட்டான்.

கடைக்குட்டி தும்மியது. மற்றவையெல்லாம் அப்படியே நின்றன. காற்று ஓடையைத் தாண்டி மருத மரத்துப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

அல்லி அவனைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாள். தான் வேண்டுமென்று செய்யவில்லை, இது பாசம், வேறு எதுவும் இல்லை என்று அவன் தடுமாறிச் சொன்னான்.

"தெரியும். அண்ணாச்சி பயத்துல அடிச்சாரு, நீங்க பாசத்துல அடிச்சீங்க. தொடைக்கிறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்டான். முன்னால் அவள், பின்னால் பிள்ளைகள், கோரைப்புல்லுக்குள் நுழைந்தார்கள். கடைக்குட்டி மட்டும் தலையைப் புல்லில் துடைத்துக்கொண்டே போனது. புல் ஆடியது, அப்புறம் நின்றுவிட்டது.

தும்பைச்சாமி காலியான வளையின் முன்னால் உட்கார்ந்து அழுதான். அழுது முடிப்பதற்குள் கீரி மணியக்காரர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் முதலில் அவனைப் பார்க்கவில்லை. நேரே வளைக்குள் தலையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது நாக்கால் மீசையை நக்கிக்கொண்டு, ஆள் இல்லையா என்று கேட்டார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மணியக்காரர் ஆனார். வாயிலை மோந்து பார்த்தார்.

"ஓய் தும்பைச்சாமி, இதுவும் உம்ம வாடைதானே? அப்ப ரெண்டு வளை வே உமக்கு. இந்தக் காட்டுல எனக்கே ஒண்ணுதான்."

அவன் துக்கம் துக்கம்தான். அதில் பொய் இல்லை. ஆனாலும் ரெண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் காது தன்னால் ஒரு விரல்கடை நிமிர்ந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதற்கும் தனியாகக் காவல் இருக்கவேண்டுமா என்று கேட்டான். பின்னே, வாடை விட்டால் வளை போச்சு என்றார் கீரியார்.

அன்றிலிருந்து தும்பைச்சாமி இலந்தைப் புதருக்கும் கோரைப்புல் சரிவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறான். இங்கே அடித்துவிட்டு அங்கே ஓடுவான், அங்கே அடித்துவிட்டு இங்கே வருவான், நடுவில் ஓடையில் தண்ணீர் குடிப்பான். சில நாள் ஓடுகிற வழியில் புல்லுக்கு மேலே வெள்ளையாகச் சின்னச் சின்னக் காதுகள் தெரியும். காற்று இவன் பக்கமிருந்து வீசினால் காதுகள் பொத்தென்று மறைந்துவிடும். அவனுக்கும் நின்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

நீதி: பிள்ளைகள் நிம்மதியாக வளரும் இடத்தின் விலாசத்தைச் சொத்துள்ள தகப்பனிடம் சொல்லக் கூடாது.